ஷெல் (திடத்தை உள்ளே குடைந்து சுவராக்கும் கட்டளை) 1.4 மி.மீ. வரை வருகிறது, 2 மி.மீ. கொடுத்தால் மறுக்கிறது. எங்கே பார்ப்பது?

வரைகோடு:

வணக்கம் நண்பர்களே. கையில் பிடித்துப் பயன்படுத்தும் ஒரு சின்ன அளவீட்டுக் கருவிக்கு மேல்உறை வரைகிறேன், சாலிட்வொர்க்ஸ் என்ற 3டி வரைவு மென்பொருளில். மொத்தம் 120 × 70 × 30 மி.மீ. முதலில் முழுத் திடமாகவே வரைந்தேன். அடிப்படை எக்ஸ்ட்ரூட் (தட்டை வரைபடத்தை நீட்டித் திடமாக்குவது), ஒரு முனையில் கைக்கு வாகாக லாஃப்ட் (இரண்டு வடிவங்களை வளைபரப்பால் இணைப்பது) போட்டு ஒரு மேடு, நான்கு செங்குத்து மூலைகளுக்கும் 8 மி.மீ. ஃபில்லட் (விளிம்பை உருட்டுவது), மேல் விளிம்பைச் சுற்றி 1.5 மி.மீ. ஃபில்லட், பக்கவாட்டில் சாக்கெட்டுக்காக 10 மி.மீ. ஆழத்துக்கு ஒரு செவ்வக வெட்டு, அடியிலிருந்து நான்கு திருகுத் துளைகள். கடைசியில் அடிப்பக்க ஃபேஸை (முகப்பை) தேர்ந்தெடுத்து 2 மி.மீ. தடிமனில் ஷெல் கொடுத்தால் பிழை வருகிறது. 1 மி.மீ. கொடுத்தால் உடனே வருகிறது, 1.4 கூட வருகிறது, 1.5 தொட்டதும் நின்றுவிடுகிறது.

இன்னொன்று, 1.4-இல் வரும்போது உள்ளே பார்த்தால் சாக்கெட் வெட்டு திறந்த வாசலாக இல்லாமல் ஒரு மூடிய பெட்டியாக உள்ளே துருத்திக்கொண்டிருக்கிறது, திருகுத் துளைகளைச் சுற்றியும் நான் வரையாத குழாய்கள் முளைத்திருக்கின்றன. முதல் மாதிரியை 3டி பிரிண்ட்டில் எடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு இன்ஜெக்‌ஷன் மோல்டுக்கு (உருகிய பிளாஸ்டிக்கை அச்சில் செலுத்தி வார்ப்பதற்கு) போகும் திட்டம். 2 மி.மீ. சுவர் கட்டாயம் வேண்டும். மென்பொருளின் கோளாறா, என் மாடலின் கோளாறா?

திருகாணி:

மாடலில்தான் விஷயம் இருக்கிறது, ஆனால் பெரிய வேலை இல்லை, நீங்கள் கொடுத்த எண்களிலேயே பாதி விடை கிடைக்கிறது. ஷெல் என்றால் மென்பொருள் உள்ளே கரண்டி போட்டுத் தோண்டுவதில்லை. நீங்கள் திறக்கச் சொன்ன ஃபேஸை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொரு ஃபேஸையும் அதன் செங்குத்துத் திசையில் சுவர்த் தடிமன் அளவுக்கு உள்நோக்கி நகர்த்துகிறது. அப்புறம் நகர்ந்த ஃபேஸ்களை ஒன்றோடொன்று நீட்டி, வெட்டி, தைத்து ஓர் உள்தோலை உருவாக்குகிறது. இந்த நகர்த்தலில் வெளிப்புறமாக வளைந்த ஃபில்லட்டின் ஆரம் தடிமன் அளவுக்குக் குறையும். உங்கள் 8 மி.மீ. மூலை உள்ளே 6 ஆகிவிடும், பிரச்சினை இல்லை. மேல் விளிம்பின் 1.5 ஃபில்லட்டிலிருந்து 1.4 போனால் 0.1 மிச்சம், அதுவும் ஓர் ஆரம்தான், அதனால் வருகிறது. 1.5 போனால் பூஜ்யம், 2 போனால் மைனஸ் 0.5. அப்படி ஓர் உருளைப் பரப்பு கிடையாது.

சில சமயம் மென்பொருள் அந்த மறைந்துபோன ஃபேஸைத் தூக்கிப்போட்டுவிட்டு, பக்கத்து இரண்டு ஃபேஸ்களையும் நீட்டிக் கூர்மையான உள்மூலையாக முடித்துக்கொடுக்கும். எளிய பெட்டியாக இருந்தால் பெரும்பாலும் அது நடக்கும். உங்களுடையதில் அந்த ஃபில்லட் லாஃப்ட் பரப்பு மேலேயும் ஏறி ஓடுகிறது என்று நினைக்கிறேன், அங்கே நீட்டித் தைக்க வழி தெரியாமல் கைவிடுகிறது. தடிமனைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போய் எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்ப்பது மிக நல்ல சோதனை, ஏனென்றால் பெரும்பாலும் அந்த எண்தான் மாடலில் எங்கோ ஒளிந்திருக்கும் மிகச் சிறிய வளைவின் ஆரம். நீங்கள் கேட்பதற்கு முன்பே அதைச் செய்துவிட்டீர்கள்.

முதலில் மேல் ஃபில்லட்டை 3 மி.மீ. ஆக்குங்கள். மோல்டுக்குப் போவதால் இந்த எண்ணுக்கு வேறொரு நியாயமும் இருக்கிறது. மோல்டு வேலையில் பொதுவாகச் சொல்லும் கணக்கு, உள் ஆரம் குறைந்தது சுவரில் பாதி, வெளி ஆரம் சுவரைப் போல் ஒன்றரை மடங்கு. 2 மி.மீ. சுவருக்கு வெளியே 3, உள்ளே 1. வெளி ஃபில்லட்டை 3 என்று போட்டுவிட்டு ஷெல் கொடுத்தால் உள்ளே 1 தானாக வந்து நிற்கும், மூலையிலும் சுவர் அதே 2 மி.மீ. ஆக இருக்கும்.

சாக்கெட், திருகுத் துளை விஷயம் வரிசைப் பிழை. ஷெல்லுக்கு முன்னால் இருக்கும் எந்த வெட்டும் அதற்கு ஒரு வெளிப்பரப்புதான். துளையின் உள்சுவரும் வெளிப்பரப்பு என்பதால், அதைச் சுற்றியும் 2 மி.மீ. சுவர் எழுப்பும், அதுதான் அந்தக் குழாய். அதை வேண்டுமென்றே பயன்படுத்துபவர்களும் உண்டு, ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். ஃபீச்சர் ட்ரீயில் (செய்த வேலைகளின் வரிசைப் பட்டியலில்) அந்த இரண்டு வெட்டுகளையும் இழுத்து ஷெல்லுக்குக் கீழே போடுங்கள், சாக்கெட் வாசல் ஒழுங்காகத் திறந்துகொள்ளும். திருகுத் தூண்களையும் ஷெல்லுக்குப் பிறகு உள்ளே தனியாக எக்ஸ்ட்ரூட் செய்து, முடிவை 'அப் டு நெக்ஸ்ட்' என்று கொடுங்கள், மேல் சுவரில் போய்ச் சரியாக நிற்கும், மேல் பக்கம் வளைந்திருந்தாலும்.

புதுஅச்சு:

நான் கற்றுக்கொள்ளும் நிலையில் இருப்பவன், தப்பாக இருந்தால் சொல்லுங்கள். இவ்வளவு சிக்கலுக்குப் பதில் திடத்தை ஒரு காப்பி எடுத்து, 0.96 மடங்கு ஸ்கேல் செய்து, பெரியதிலிருந்து கழித்துவிட்டால் ஆகாதா? ஷெல்லே வேண்டாமே. அல்லது முதலில் கூர்மூலைப் பெட்டியாக ஷெல் போட்டுவிட்டு, ஃபில்லட்டை எல்லாம் கடைசியில் வெளியே போட்டுக்கொண்டால்? அப்போது ஷெல் தோற்கவே தோற்காது.

கோணமானி:

புதுஅச்சு, நல்ல கேள்விகள், இரண்டையும் எண் போட்டுப் பார்த்துவிடலாம். ஸ்கேல் என்பது ஒவ்வொரு அளவையும் அதே விகிதத்தில் சுருக்கும், சுவர் சமமாக இருக்கவேண்டும் என்ற கவலை அதற்குக் கிடையாது. இவருடைய 120 × 70 × 30 பெட்டியை 0.96-ஆல் பெருக்கினால் 115.2 × 67.2 × 28.8. நடுவில் வைத்துக் கழித்தால் நீளவாக்கில் பக்கத்துக்கு 2.4 மி.மீ., அகலவாக்கில் 1.4, உயரவாக்கில் வெறும் 0.6. கோளம், கனசதுரம் மாதிரி எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் வடிவத்துக்கு மட்டும்தான் அந்த வழி சமச் சுவர் கொடுக்கும். மூன்று திசைக்கும் தனித்தனி விகிதம் கொடுத்தாலும் தட்டையான பக்கங்கள்தான் சரியாகும், வளைவில் தடிமன் ஓடிப்போய்விடும்.

இரண்டாவது யோசனை இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் அது பிழை காட்டாமல் வந்துவிடும். 2 மி.மீ. ஷெல், உள்ளே கூர்மையான மூலை, அதன்மேல் வெளியே 6 மி.மீ. ஃபில்லட் போட்டதாக வைத்துக்கொள்வோம். ஃபில்லட்டின் மையம் இரண்டு வெளிச்சுவர்களிலிருந்தும் 6 மி.மீ. உள்ளே இருக்கிறது, உள்மூலை 2 மி.மீ.-இல். இரண்டுக்கும் மூலைவிட்டத் தூரம் 4 × √2, அதாவது 5.66. ஃபில்லட் 6, ஆக மூலையில் மிஞ்சும் பிளாஸ்டிக் 0.34 மி.மீ. திரையில் அழகாகத் தெரியும், கையில் எடுத்து அழுத்தினால் பிளக்கும். ஆரம் 6.83-ஐத் தாண்டினால் மூலையே ஓட்டையாகிவிடும். இவர் வைத்திருப்பது 8. அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் வெளிவடிவத்தின் பெரிய ஃபில்லட்களை முதலில், ஷெல்லை அதற்குப் பிறகு, உள்விவரங்களைக் கடைசியில் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

ஃபில்லட்டே போடாமல் விட்டாலும் சரியில்லை. வெளியேயும் கூர், உள்ளேயும் கூர் என்றால் மூலையில் தடிமன் 2.83 மி.மீ. மோல்டில் அந்த இடம் மற்றதைவிட மெதுவாகக் குளிரும், சுருங்கும், வெளிப்பரப்பைக் குழிய வைக்கும்.

வரைகோடு, நீங்கள் டிராஃப்ட் (அச்சிலிருந்து பாகம் எளிதில் கழன்று வர சுவர்களுக்குக் கொடுக்கும் சாய்வு) பற்றிப் பேசவே இல்லை. மோல்டுக்குப் போகிறது என்றால் அதையும் இப்போதே போட்டுவிடுங்கள், ஃபில்லட்டுக்கும் முன்னால். 1 டிகிரி டிராஃப்ட் 30 மி.மீ. உயரத்தில் 0.52 மி.மீ. சாய்வு. ஷெல்லுக்கு முன்னால் போட்டால் உள்சுவரும் கூடவே சாயும், தடிமன் மாறாது. ஷெல்லுக்குப் பிறகு வெளிச்சுவரில் மட்டும் போட்டால் ஒரு முனையில் 2, மறுமுனையில் ஒன்றரை என்று ஆகும்.

வரைகோடு:

மிக்க நன்றி. டிராஃப்ட் 1 டிகிரி, மேல் ஃபில்லட் 3, வெட்டுகள் எல்லாம் ஷெல்லுக்குக் கீழே. சாக்கெட் இப்போது சரியாகத் திறக்கிறது, குழாய்களும் போய்விட்டன. ஆனால் 2 மி.மீ. இன்னும் வரவில்லை! இப்போது 1.7 வரை வருகிறது, 1.75 மறுக்கிறது. ஃபில்லட் எல்லாமே 3 அல்லது அதற்கு மேல்தான், சரிபார்த்துவிட்டேன்.

திருகாணி:

நல்ல செய்தி, ஒரு தடை விலகி அடுத்தது தெரிகிறது. இந்த முறை லாஃப்ட்தான். ஃபில்லட்டுக்கு ஆரம் எழுதி வைத்திருக்கும், ஸ்ப்லைன் (புள்ளிகள் வழியாக ஓடும் வளைகோடு) பரப்புக்கு அப்படி எங்கேயும் எழுதியிருக்காது, இடத்துக்கு இடம் வளைவு மாறும். கண்ணுக்கு மென்மையாகத் தெரியும் மேட்டின் ஒரு முனையில் 1.7 மி.மீ. ஆர அளவுக்கு மடிந்திருக்கிறது, 2 மி.மீ. உள்ளே நகர்த்தும்போது பரப்பு அங்கே தன்னையே குறுக்கே வெட்டிக்கொள்கிறது.

இடத்தைக் கண்டுபிடிக்க இவேலுவேட் தாவலில் 'செக்' என்ற கருவி உண்டு, அதில் மிகச் சிறிய வளைவு ஆரம் என்ற பெட்டியை டிக் செய்து ஓட்டுங்கள், எண்ணையும் இடத்தையும் அம்பு போட்டுக் காட்டும். ரோல்பேக் பாரை (ஃபீச்சர் ட்ரீயில் மாடலை முந்தைய படிக்குக் கொண்டுபோகும் கோட்டை) ஷெல்லுக்கு மேலே இழுத்துவிட்டுச் செய்யவேண்டும், ஷெல் போட்ட மாடலில் ஓட்டினால் உள்பரப்புகளையும் சேர்த்து அளந்து குழப்பும். ஷெல் தோற்கும்போது அதே பேனலின் கீழே பிழை ஆய்வுப் பகுதி ஒன்றும் வரும், தோற்ற ஃபேஸ்களை மட்டும் சோதிக்கச் சொல்லலாம், வளைவு வலையைப் படத்தின் மேல் காட்டச் சொல்லலாம். பலரும் அதைக் கண்டுகொள்ளாமல் மூடிவிடுகிறார்கள்.

கோணமானி:

இடம் தெரிந்தபிறகு லாஃப்ட்டின் ஸ்கெட்சுக்குப் போய் அந்த முனையின் ஸ்ப்லைனை விரித்துவிடுங்கள், குறைந்தபட்ச ஆரம் 2.5 – 3 வருகிற மாதிரி. ஸ்கெட்சில் ஸ்ப்லைனைத் தேர்ந்தெடுத்து அதன் குறைந்தபட்ச ஆரத்தைக் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. லாஃப்ட் ஒரு புள்ளியில் போய் முடிகிறது என்றால் அதுவும் ஒரு சந்தேகப்படவேண்டிய இடம், அங்கே பல பரப்புக் கோடுகள் ஒன்றாகக் குவிந்து, உள்ளே நகர்த்த நல்ல திசையே இல்லாமல் போகும். புள்ளிக்குப் பதில் ஒரு சின்ன நீள்வட்டத்தில் முடித்து மேலே மூடி போட்டால் பாதிச் சண்டை தீரும்.

நான் ஒன்று வெளிப்படையாகச் சொல்கிறேன், திருகாணியோடு இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபாடு உண்டு. கைப்பிடி வடிவம் தீவிரமாக வளைந்திருக்கும் மாடல்களில் நான் ஷெல்லை நம்பி இருக்கமாட்டேன். வெளிப்பரப்பை ஆஃப்செட் சர்ஃபேஸ் கொண்டு 2 மி.மீ. உள்ளே எடுத்து, தோற்கும் துண்டை மட்டும் நீக்கி, அந்த இடத்தைக் கையால் ஃபில் சர்ஃபேஸ் போட்டு மூடி, தைத்து, திடத்தை அதால் வெட்டுவேன். நேரம் பிடிக்கும், ஆனால் வாடிக்கையாளர் நாளை மேட்டைக் கொஞ்சம் மாற்றச் சொன்னால் எந்தப் பரப்பு உடையும் என்று எனக்குத் தெரியும்.

திருகாணி:

அது சரிதான், ஆனால் கடைசி வழியாக வைத்துக்கொள்ளலாம். 1.7 ஆர மடிப்பு இவர் வேண்டுமென்று வைத்ததில்லை, ஸ்ப்லைன் தானாகப் போட்டுக்கொண்டது. வெளிவடிவத்தைத் திருத்தினால் போதும் என்கிற இடத்தில் பத்துப் பரப்புகளைக் கையால் தைப்பது பராமரிப்புச் சுமை. வெளியே கூர்மையாக இருந்தே ஆகவேண்டும் என்று வடிவமைப்பாளர் பிடிவாதம் பிடித்தால் அப்போது உங்கள் வழிதான், அதில் எனக்கு மறுப்பு இல்லை.

தளையிலி:

ஃப்ரீகேட் (இலவச 3டி வரைவு மென்பொருள்) பயன்படுத்துபவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் அவர்களுக்காக. அங்கே ஷெல் என்ற பெயரில் தேடினால் கிடைக்காது, பார்ட் டிசைனில் 'திக்னஸ்' என்று இருக்கும். திறக்கவேண்டிய ஃபேஸை முதலில் தேர்ந்தெடுத்துவிட்டுத்தான் அதை அழுத்தவேண்டும். சுவர் உள்நோக்கி வருகிறதா வெளிநோக்கியா என்று ஒரு டிக் பெட்டி உண்டு, அதைக் கவனிக்காமல் விட்டால் வெளி அளவு கூடி, மற்ற பாகத்தோடு பொருந்தாமல் போகும். ஜாயின் டைப்பில் 'ஆர்க்', 'இன்டர்செக்‌ஷன்' என்று இரண்டு, ஒன்று தோற்றால் மற்றதைப் போட்டுப் பாருங்கள், வெளிநோக்கிப் போகும்போது முதலாவது விளிம்புகளை உருட்டிவிடும், இரண்டாவது கூராகவே வைத்திருக்கும்.

அடியில் இருக்கும் ஜியோமெட்ரி கெர்னல் (வடிவக் கணக்குகளைப் போடும் உள் இயந்திரம்) ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேறு. சாலிட்வொர்க்ஸ், ஆன்ஷேப், என்எக்ஸ் மூன்றும் பாராசாலிடில் ஓடுகின்றன, ஃப்ரீகேட் ஓபன் கேஸ்கேடில். ஃபில்லட் மறைந்துபோகும் இந்தச் சந்தர்ப்பத்தில் ஓபன் கேஸ்கேட் இன்னும் சீக்கிரம் கைவிடும், அதனால் மேலே சொன்ன 'ஆரம் தடிமனைவிடப் பெரிதாக இருக்கட்டும்' என்ற விதியை ஃப்ரீகேட்டில் இன்னும் கறாராகப் பிடிக்கவேண்டும். என் அனுபவத்தில் எனக்கு உதவும் இன்னொரு வழி, உள்வடிவத்தைத் தனி பாடியாக (தனித் திடமாக), ஸ்கெட்ச் அளவுகளில் ஒரு 'சுவர்' என்ற மாறியைக் கழித்து வரைந்து, பூலியன் கழித்தல் செய்வது. ஸ்ப்ரெட்ஷீட்டில் அந்த மாறியை மாற்றினால் எல்லாம் கூடவே மாறும், உடையவும் உடையாது. நேர்கோடும் வட்டமுமாக இருக்கும் பெட்டிகளுக்கு இதைவிட நிம்மதியான வழி இல்லை.

பிசின்வாளி:

பிரிண்ட் பக்கத்திலிருந்து கொஞ்சம். முதல் மாதிரியை இழை உருக்கும் பிரிண்டரில் எடுக்கிறீர்கள் என்றால், திடமான பாகத்தை எடை குறைக்க மட்டும் யாரும் கேட் (CAD) வரைவு மென்பொருளில் குடைய வேண்டியதில்லை, ஸ்லைசரில் (மாடலை அடுக்குகளாக வெட்டி பிரிண்டருக்குத் தரும் மென்பொருளில்) சுவர் எண்ணிக்கையும் இன்ஃபில் (உள்நிரப்பு) சதவீதமும் அதைப் பார்த்துக்கொள்ளும். இவருடையது உறை, உள்ளே சர்க்யூட் உட்காரவேண்டும், ஆகவே இங்கே ஷெல் தேவைதான். 0.4 மி.மீ. நாசிலுக்கு (இழை வெளிவரும் முனைக்கு) 2 மி.மீ. சுவர் கிட்டத்தட்ட ஐந்து வரிகள், வசதியான எண்.

ரெசின் பிரிண்டர் (திரவப் பிசினை ஒளியால் உறைய வைப்பது) என்றால் கதை வேறு. அங்கே திடமான பெரிய பாகம் ரெசினைக் குடிக்கும், ஒவ்வொரு அடுக்கும் அடித்தாளிலிருந்து பிரியும்போது அதிக இழுவிசை வரும், அதனால் குடைவது நல்லது. ஆனால் எந்த ஃபேஸையும் திறக்காமல் முழுக்க மூடிய வெற்றிடமாக ஷெல் போட்டு அனுப்பாதீர்கள். சாலிட்வொர்க்ஸில் ஃபேஸ் எதையும் தேர்ந்தெடுக்காமல் ஓகே கொடுத்தால் அப்படித்தான் வரும், வெளியிலிருந்து பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது, செக்‌ஷன் வியூ (குறுக்கே வெட்டிய தோற்றம்) போட்டால்தான் தெரியும். உறையாத ரெசின் உள்ளே மாட்டிக்கொள்ளும், நாள்பட அது சுவரை உள்ளிருந்து விரிசல் விடச் செய்யும். குறைந்தது இரண்டு வடிகால் துளைகள் வேண்டும், ஒன்று ரெசின் வடிய, இன்னொன்று காற்று நுழைய, ஒன்று பிரிண்ட் ஆகும்போது பாகம் ஒட்டிக்கொண்டிருக்கும் தட்டுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி. பவுடர் சின்டரிங் (பொடியைச் சூட்டால் ஒட்டிப் பாகமாக்கும்) முறைக்கும் இதே தேவை, பவுடர் வெளியே வர வழி வைக்கவேண்டும்.

கையில் எஸ்டிஎல் (STL) கோப்பு மட்டும் இருக்கிறது என்பவர்கள் இந்த ஷெல்லை எதிர்பார்க்கக்கூடாது. அது முக்கோண வலை, ஃபேஸ் என்று கேட் புரிந்துகொள்வது அதில் கிடையாது. மெஷ்மிக்சரில் 'ஹாலோ' இருக்கிறது, பிளெண்டரில் 'சாலிடிஃபை' மாடிஃபையர் இருக்கிறது, ரெசின் ஸ்லைசர்கள் பலவற்றில் குடையும் கருவி உள்ளேயே வருகிறது, அவற்றில் செய்துகொள்ளுங்கள்.

வரைகோடு:

வந்துவிட்டது! 'செக்' காட்டிய இடம் சரியாக மேட்டின் மூக்கு நுனி. ஸ்கெட்சில் அந்த ஸ்ப்லைனை விரித்து ஆரத்தை 2.8 ஆக்கினேன், 2 மி.மீ. ஷெல் உடனே வந்தது, செக்‌ஷன் வியூவில் நான்கைந்து இடங்களில் அளந்தேன், எல்லாம் 2. வெளியிலிருந்து பார்த்தால் வடிவம் மாறியதே தெரியவில்லை, முதலில் இருந்ததைவிடப் பிடிக்க இதமாகக்கூட இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மேல் தட்டுக்குள் திரை உட்காரும் பகுதி, அங்கே மட்டும் 3 மி.மீ. வேண்டும் என்கிறார்கள். ஷெல்லிலேயே பல தடிமன் கொடுக்கும் பகுதியில் மேல் ஃபேஸைத் தேர்ந்தெடுத்து 3 கொடுத்தால் மறுபடியும் பிழை.

திருகாணி:

மேல் ஃபேஸ் ஃபில்லட்டோடு தொடுகோடாக இணைகிறது அல்லவா, அதனால். வேறு வேறு தடிமன் கொடுக்கும் ஃபேஸ்கள் ஒரு தெளிவான விளிம்பில் சந்திக்கவேண்டும். இங்கே ஒன்று 3 உள்ளே போகிறது, தொட்டுக்கொண்டிருக்கும் ஃபில்லட் 2 உள்ளே போகிறது, நடுவில் 1 மி.மீ. படி விழுகிறது, அதை இணைக்க மென்பொருளிடம் பரப்பு இல்லை. பல தடிமனை விட்டுவிடுங்கள். எல்லாமே 2 என்று ஷெல் போட்டு, அதன்பிறகு உள்ளே மேல்தட்டின் ஃபேஸில் திரைப் பகுதிக்கு மட்டும் ஒரு ஸ்கெட்ச் வரைந்து 1 மி.மீ. எக்ஸ்ட்ரூட் செய்யுங்கள், அதன் ஓரங்களுக்கு ஒரு சின்ன சாய்வு கொடுத்தால் மோல்டில் பிளாஸ்டிக் ஓட்டம் திடீரென்று மாறாது. தட்டு முழுக்க 3 வேண்டுமென்றால் உள் ஃபேஸை 'மூவ் ஃபேஸ்' கொண்டு 1 மி.மீ. நகர்த்திப் பாருங்கள், ஆனால் அப்போது உங்கள் 1 மி.மீ. உள் ஃபில்லட் அங்கே விழுங்கப்பட்டுவிடும், அதனால் நான் முதல் வழியைத்தான் சொல்வேன்.

கோணமானி:

அதோடு மோல்டு செய்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். 2 மி.மீ. உறையில் நடுவே 3 மி.மீ. மேடை என்றால் அதன் பின்னால் வெளிப்பக்கம் லேசாகக் குழிய வாய்ப்புண்டு, திரைச் சட்டம் அதை மூடிவிடும் என்றால் கவலை இல்லை. வெறும் விறைப்புக்காகத்தான் 3 கேட்கிறார்கள் என்றால், தட்டை 2-இலேயே விட்டுவிட்டு உள்ளே 1 முதல் 1.2 மி.மீ. தடிமனில் ரிப்கள் (மெல்லிய தாங்கு வரம்புகள்) ஓட்டினால் போதும், எடையும் குறையும், பரப்பும் குழியாது. எதற்காக 3 என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.